கப்பலுக்கா, நடைக்கா, டிக்கெட்டுக்கா: மானியத்தை எதில் வைப்பது?

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கடல் வழியே சுமார் 110 கிலோமீட்டர். 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பல் அந்தத் தூரத்தைக் கடந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் பலருக்குக் கண் கலங்கியது. ஆனால் அது முழுசாக ஒரு வாரம்கூட ஓடவில்லை. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி 20-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை என்ற கப்பலை வைத்து ஒரு தனியார் நிறுவனம் மறுபடி தொடங்கியது. அதை ஓட்டும் செலவுக்காக ஆண்டுக்கு 30 கோடி இலங்கை ரூபாய் வரை தர இந்திய அரசு முன்வந்தது.

இந்தப் பணம் அதிகமா, குறைவா என்று பேசுகிறவர்கள் பலர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பணம் எதன் பேரில் கொடுக்கப்படுகிறது என்பதுதான். கப்பல் வாங்கியதற்கா? கப்பல் ஒரு நடை போய்வந்ததற்கா? பயணியின் டிக்கெட்டைக் குறைத்ததற்கா? ஒரே தொகையை இந்த மூன்று விதமாகவும் கொடுக்கலாம், ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் துறைமுகத்தில் மூன்று வேறு வேறு காட்சிகள் இருக்கும். ரயில், டிராம், கப்பல் மூன்றுக்கும் அரசுகள் நூற்றெழுபது ஆண்டுகளாக மானியம் கொடுத்து வருகின்றன. எந்த வழியில் என்ன கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நாகப்பட்டினத்துக்குத் திரும்பலாம்.

முதலுக்கு வட்டி உத்தரவாதம்

இந்தியாவில் ரயில் வந்ததே இந்த வழியில்தான். 1849-இல் லண்டனில் இரண்டு கம்பெனிகளோடு கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. பின்னால் மெட்ராஸ் ரயில்வேக்கும் அதே அச்சுதான். நிலம் இலவசம், 99 வருடக் குத்தகை. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம். பாதை சம்பாதித்துக் கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் குறைகிற தொகையை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து அரசு நிரப்பும். ஐந்துக்கு மேல் கிடைக்கும் லாபத்தில் அரசுக்கும் பாதிப் பங்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

இந்த வழியின் பலத்தை மறுக்க முடியாது. பாதை வேகமாக வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி போனது. நாகப்பட்டினம்-திருச்சி பாதை 1861-62-இல் திறந்தது. 1869-க்குள் நாடு முழுவதும் நாலாயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் விழுந்துவிட்டது. உத்தரவாதம் இல்லாமல் அந்தக் காலத்து லண்டன் பணம் இங்கே வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் செலவு கணக்கில் அடங்கவில்லை. மைலுக்கு இவ்வளவு ஆகும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் போட்ட மதிப்பீடு இரண்டு மடங்குக்கு மேல் போனது. குறைத்துக் கட்டினாலும் கூட்டிக் கட்டினாலும் வட்டி வரும் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பு இதை வெளிப்படையாகவே சொன்னார். 5 சதவீதம் நிச்சயமாக வரும்வரை, தான் கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கல்லும் சாந்துமாக மாற்றினாலும் முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் சாரம். போதாததற்கு வட்டியை பிரிட்டிஷ் பவுனில் கொடுக்க வேண்டியிருந்தது. 1870-களில் வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு இறங்கியபோது, அதே வட்டிக்கு இங்கிருந்து போன ரூபாய் கூடிக்கொண்டே போனது. அதே பத்தாண்டில்தான் 1876-78 பஞ்சம். அந்தப் பணத்தில் கால்வாய் வெட்டியிருக்கலாம் என்று பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஓயாமல் வாதாடினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால், ஒரு வகைப் போக்குவரத்துக்கு மட்டும் நட்டமே வராதபடி செய்துவிட்டு மற்றவற்றோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை என்ற அவருடைய ஆதங்கம் நியாயமானது.

இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. ஸ்காட்லாந்தின் தீவுகளுக்காக 2015-இல் இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். விலை 97 மில்லியன் பவுன். 2018-இல் வந்திருக்க வேண்டிய முதல் கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது, செலவு நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. பொருளைக் கட்டுவதற்குப் பணம் என்று ஆகிவிட்டால், கட்டி முடிக்காததற்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

நடைக்கு இவ்வளவு

நான் அதிகம் சொல்ல விரும்புவது நார்வேயின் கதையைத்தான், ஏனென்றால் நம் கடற்கரைக்கு நெருக்கமான பாடம் அங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டின் வடபாதி முழுக்க மலையும் கடல் இடுக்கும். 1890-களுக்கு முன்பு திரோண்ட்ஹெய்மிலிருந்து ஹாம்மர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போக வெயில் காலத்தில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்வரை ஆகும். அரசின் நீராவிக்கப்பல் ஆலோசகர் ஆகஸ்ட் கிரான் 1891-இல் ஒரு யோசனை சொன்னார்: வருடம் முழுக்க, குறித்த நாளில், குறித்த துறைகளில் நின்று போகும் விரைவுக் கப்பல். அதற்கு அரசு பணம் தரும். இரண்டு பெரிய கம்பெனிகளைக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டன. திரோண்ட்ஹெய்முக்கு வடக்கே மொத்தமே 28 கலங்கரை விளக்கங்கள், இரண்டே கடல் வரைபடங்கள். குளிர்கால இருட்டில் எப்படி ஓட்டுவது?

ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் ஒப்புக்கொண்டார். சிறிய உள்ளூர்க் கம்பெனி அவருடையது. ஆனால் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்து, எந்தத் திசையில் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் போனால் எங்கே திரும்ப வேண்டும் என்று அவரும் அவருடைய மாலுமியும் பல வருடங்களாகக் குறித்து வைத்திருந்தார்கள். 1893 மே மாதம் நான்கு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 2 அன்று வெஸ்டரோலன் என்ற கப்பல் கிளம்பி 67 மணி நேரத்தில் ஹாம்மர்ஃபெஸ்டைத் தொட்டது. முடியாது என்று சொன்ன கம்பெனிகள் மறுவருடமே எங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வந்து நின்றன.

இங்கே அரசு எதற்குப் பணம் கொடுத்தது என்று பாருங்கள். கப்பலின் விலைக்குக் கொடுக்கவில்லை. கம்பெனியின் லாபத்துக்கும் உறுதி சொல்லவில்லை. இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு, இந்த நாளில், இந்தத் துறைகளில் நின்று போய்வருவதற்குக் கொடுத்தது. எப்படிப் போவது என்பது கேப்டனின் பாடு. அந்த அறிவு அவரிடம்தான் இருந்தது, அமைச்சக மேசையில் இல்லை. இன்றும் பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ்வரை 34 துறைகளைத் தொட்டு அந்தக் கப்பல்கள் போகின்றன. சுற்றுலாப் பயணிகள் தரும் பணத்தில் கம்பெனிகள் சம்பாதிக்கின்றன, உள்ளூர் ஆட்களுக்கும் சரக்குக்கும் இடம் ஒதுக்க அரசு பணம் தருகிறது. 2021 முதல் 2030 வரையிலான ஒப்பந்தத்தில் 11 கப்பல்களின் ஓட்டத்தை இரண்டு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் புதிதாக வந்த கம்பெனிக்கு நான்கு கப்பல்கள். 2021 தொடக்கத்தில் ஓட வேண்டியவற்றில் முதல் கப்பல் கடலில் இறங்கவே அந்த வருட டிசம்பர் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தை வென்றவர் கையில் கப்பல் இல்லையென்றால் காகிதத்தில் கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு ஆபத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1856-இல் கல்கத்தா-ரங்கூன் தபால் ஒப்பந்தத்தோடு பிறந்து, அரசுத் தபால் ஒப்பந்தங்களின் பலத்தில் வளர்ந்த கம்பெனி. 1906-இல் வ.உ.சி. 10 லட்சம் ரூபாய் மூலதனத்துக்கு, பங்கு 25 ரூபாய் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடி-கொழும்பு வழியில் விட்டார். எதிராளியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசி எட்டணாவாக இறக்கியது. அவர்கள் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று இறங்கினார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பல வழிகளில் அரசுப் பணம் நிலையாக வரும் ஒரு நிறுவனம், ஒரு வழியில் மட்டும் நட்டத்துக்கு ஓட்டிப் புதியவரை முடித்துக்கட்ட முடியும் என்பதை அந்தக் குடை காட்டுகிறது. நடைக்கு மானியம் கொடுத்தால் குறிப்பிட்ட வழிக்கு மட்டும், தனிக் கணக்கோடு, குறைந்தபட்சக் கட்டணமும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு

இந்திய ரயில்வே இன்று நடப்பது வேறு வழியில். சரக்கில் சம்பாதித்துப் பயணியை ஏற்றுகிறது. 2022-23-இல் பயணிகளுக்குக் கொடுத்த சலுகை 56,993 கோடி ரூபாய், அதாவது 100 ரூபாய்ச் சேவைக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு வேலை தேடிப் போகிறவருக்கு அந்த 46 ரூபாய் உயிர்நாடி. அதைப் பறிக்கச் சொல்லமாட்டேன்.

எனக்கு வருத்தம் அது வரும் வழியில். அது எந்த பட்ஜெட் விவாதத்திலும் ஒரு வரியாக வருவதில்லை. நிலக்கரி, சிமெண்ட், உரம் ஏற்றும் கட்டணத்தில் ஒளிந்திருக்கிறது. அப்புறம் மின்கட்டணமாகவும் உர விலையாகவும் அதே ஏழையிடம் திரும்பி வருகிறது. சரக்குக் கட்டணம் உயர உயர சரக்கும் லாரிக்குப் போய்விட்டது. 1950-களின் தொடக்கத்தில் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கறக்கும் மாடு மெலிந்துகொண்டே போகிறது.

எந்தப் பாதை எவ்வளவு நட்டம் தருகிறது, அது எதற்காக வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாதா? முடியும். 1924-இல் ரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரித்தபோதே, ராணுவத் தேவைக்காகப் போட்ட பாதைகளின் நட்டத்தைப் பொதுக் கருவூலம் ஏற்கும் என்று எழுதினார்கள். பிரிட்டனில் 1968 போக்குவரத்துச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும் அதையே சாதாரண ஊர்களுக்குச் செய்தது. வருமானம் போதாத, ஆனால் மக்களுக்குத் தேவையான சேவைக்கு, பாதை பாதையாகத் தொகை குறித்து மானியம். 1974-இல் அதை விட்டுவிட்டு மொத்தமாக ஒரே தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகள் ஓடும்போது செலவை எதில் எழுதுவது என்ற தகராறு தீராது என்பது உண்மைதான். ஆனாலும் தோராயமான கணக்கு வெளியே கிடப்பது, கணக்கே இல்லாததைவிட மேல். மயிலாடுதுறை-தரங்கம்பாடி போன்ற கிளைப்பாதைகள் மூடப்பட்டபோது அந்த ஊர்க்காரர்கள் கையில் வாதாட எண் எதுவும் இல்லை.

டிராமுக்குக் கிடைத்தது மானியமே இல்லை

1895 மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்து நின்றுபோனது. அதே 1953 ஜூலையில் கல்கத்தாவில் டிராம் கட்டணத்தை ஒரு பைசா கூட்டியதற்கு நகரமே கொந்தளித்தது. ஒரு மாதப் போராட்டத்துக்குப் பிறகு உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். கட்டணத்தையும் ஏற்ற முடியாது, அரசும் தராது என்றால் மிச்சமிருப்பது மூடுவதுதான். கல்கத்தா மட்டும் தப்பித்ததற்குக் காரணம், 1967-இல் அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது.

பிரிட்டனின் 1870 டிராம் சட்டத்தில் ஒரு விதி உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவிலும் இரு பக்கமும் பதினெட்டு அங்குலம்வரையிலும் சாலையை டிராம் கம்பெனியே பராமரிக்க வேண்டும். அதே சாலையில் பின்னால் போட்டிக்கு வந்த பஸ் அந்தச் செலவைச் சுமக்கவில்லை. 21 வருடம் ஆனதும் மாநகராட்சி அன்றைய பொருள் மதிப்புக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அப்படியென்றால் பதினைந்தாவது வருடத்துக்கு மேல் யார் புது வண்டி வாங்குவார்கள்? மானியம் பேசும்போது, ஒரு சேவையின் தலையில் நாம் ஏற்கெனவே என்ன சுமத்தியிருக்கிறோம் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பிரான்ஸ் வேறு வழி பிடித்தது. அங்கும் டிராம்களை ஒழித்து மூன்றே நகரங்களில் மிச்சம் வைத்திருந்தார்கள். 1971-இல் பாரிஸிலும் 1973 முதல் மற்ற நகரங்களிலும், சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள்மீது ஒரு போக்குவரத்து வரி போட்டார்கள். சிறு கடைகளுக்கு விலக்கு. ஆட்களை வேலைக்குக் கொண்டுவரும் வண்டியால் முதலாளிக்கும் லாபம், அதனால் அவரும் கொடுக்கட்டும் என்பது வாதம். அந்தப் பணம் நகரத்தின் கையிலேயே இருந்தது. 1985-இல் நாந்த், 1987-இல் கிரெனோபிள், 1994-இல் ஸ்த்ராஸ்பூர்க் என்று டிராம் திரும்பி வந்தது. இன்று இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நகரங்களில் ஓடுகிறது.

இதைப் பிரான்ஸிடம் மட்டும் கற்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து வசூலித்த சிறப்பு வரியில் சொந்தமாக ரயில் பாதை போட்டது. 1894-இல் மாயவரம்-முத்துப்பேட்டை, பிறகு அறந்தாங்கிவரை. வண்டி ஓட்டும் வேலை தென்னிந்திய ரயில்வேயுடையது, பாதை போர்டுடையது. வரி கட்டுகிறவரின் ஊரிலேயே ஸ்டேஷன் வந்தது. லண்டன் வட்டி இல்லை, ஹூக்ளியில் கொட்டும் பேச்சும் இல்லை. நம் வண்டல் மண் செய்த காரியம் இது, நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிற்று.

டிக்கெட்டில் குறைப்பது

இது எளிதில் புரியும் வழி. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் பஸ் தினமும் வருகிறது என்ற அடித்தளம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2008-இல் தொடங்கி, அதே தூரத்தைச் சாலையில் கார் ஓட்டிப்போனால் ஆகும் செலவுக்கு ஈடாகத் தீவுக் கப்பல் கட்டணத்தைக் குறைத்தார்கள். கூட்டம் கூடியது. கப்பல் கூடவில்லை. கோடையில் சுற்றுலா கார்கள் நிரம்பித் தீவுக்காரர்களுக்கே இடம் கிடைக்காத நிலை வந்தது. லட்சத்தீவுக் கப்பல்களில் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம் என்று வைத்திருப்பது இதைவிடப் புத்திசாலித்தனம்.

சரி, நாகப்பட்டினத்துக்கு எது?

பாக் நீரிணையில் கப்பல் சேவை புதுசு இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து 1980-களின் தொடக்கம்வரை ராமானுஜம் கப்பல் ஓடியது. ரயில் டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் ஒரே பயணத்தின் இரண்டு பாதிகள் என்பதால்தான் அது அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பது என் கணிப்பு.

இப்போதைய கப்பலுக்கு நான் தேர்வது, ஒரு சேர்க்கை. துறைமுகத்துக்கு மூலதன மானியம், நேராக, ஒருமுறை. காங்கேசன்துறையைச் சீரமைக்க இந்தியா 61.5 மில்லியன் டாலர் கொடையாக ஏற்றிருப்பது சரியான முடிவு. அலைதடுப்புச் சுவரையும் ஆழப்படுத்தலையும் டிக்கெட் வருமானத்தில் எடுக்க முடியாது, கம்பெனி மாறினாலும் துறைமுகம் அங்கேயே இருக்கும். கப்பலுக்கு மூலதன மானியம் கூடாது.

ஓட்டத்துக்கு, நார்வே மாதிரி நடைக் கணக்கு. ஒரு வருடம் என்று கொடுத்தால் யாரும் நல்ல கப்பலைக் கொண்டுவரமாட்டார்கள். குறைந்தது ஐந்து வருட ஒப்பந்தம் வேண்டும். ஏலத்தில் கேட்க வேண்டியது, ஒரு நடைக்கு எவ்வளவு குறைந்த மானியத்தில் ஓட்டுவீர்கள் என்பதை. கப்பல் கையில் இருப்பதற்கான சான்று இல்லாதவரை உள்ளேயே விடக்கூடாது. சரக்கு வருமானத்தில் பயணியை ஏற்றலாமே என்று கேட்கலாம். தமிழ்நாட்டு அனல் மின் நிலையங்களுக்கு ஒடிசா நிலக்கரி பாரதீப்பிலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலில்தான் வருகிறது. அந்த வேலையைப் பார்க்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகமே கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைப் படகையும் ஓட்டுகிறது. ஆனால் நீரிணையின் இரு பக்கமும் அப்படி நிலையான சரக்கு இன்னும் உருவாகவில்லை. இல்லாத லாபத்தை நம்பிச் சேவையைத் தொங்கவிடக் கூடாது.

டிக்கெட் குறைப்பு மூன்றாவதாக வரட்டும், அதுவும் எல்லாருக்கும் ஒரேபோல வேண்டாம். முகாம்களில் நாற்பது வருடமாக இருக்கும் இலங்கைத் தமிழர்கள், அக்கரையில் தாய் தகப்பனை வைத்திருப்பவர்கள், மூட்டையோடு போகும் சிறு வியாபாரிகள், யாழ்ப்பாணத்து மாணவர்கள். இவர்களுக்கு ஒரு கட்டணம், சுற்றுலாவுக்கு வருகிறவருக்கு முழுக் கட்டணம்.

கடைசியாக மழைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை இந்தக் கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் மீனவர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் கப்பல் இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, மற்ற ஒன்பது மாதங்களில் ரத்தாகும் ஒவ்வொரு நடைக்கும் மானியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடிக்கும் பணம் கருவூலத்துக்குத் திரும்பத் தேவையில்லை. அன்றைக்கு டிக்கெட் எடுத்துப் பெட்டியோடு துறைமுக வாசலில் நின்றவரின் சாப்பாட்டுக்கும் ராத்தங்கலுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம்.